கறுப்பு நாய் வெளுத்த கதை

மொழிக்கழகத்தின் ஆண்டிதழில் நாயைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பாரதியும் பாவேந்தரும் தாய்மொழிக் கல்வியும் காத்துக் கிடக்க, அமெரிக்கர் ஒருவர் ஜப்பானைக் களமாக வைத்து இலண்டனில் எடுத்த பொம்மைப் படத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். இந்தப் படம் தெருநாய் ஒன்றை மிகுந்த அன்போடு படைக்கிறது. ஆனால், கடைசிவரை அதைத் தெருநாயாகவே விட்டுவைக்க அதற்கு மனம் வரவில்லை. அந்த மனம் வராமை நமக்குப் புதிதன்று. நம் பேச்சு மொழியிலேயே அது குடியிருக்கிறது.

படத்தின் பெயர் 'ஐல் ஆஃப் டாக்ஸ்'. நாய்களின் தீவு என்று பொருள். வெஸ் ஆண்டர்சன் இயக்கியது. 2018 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டு, சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றது. பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஐ லவ் டாக்ஸ்' என்றே காதில் விழும். இயக்குநரின் சார்பில் விருதை வாங்க மேடையேறிய பில் மர்ரி, நாயாக வேலைக்குப் போய்க் கரடியோடு வீடு திரும்புவேன் என்று எண்ணியதில்லை என்கிற பொருளில் பேசி அரங்கைச் சிரிக்க வைத்தார். அவர் குரல் கொடுத்ததும் ஒரு நாய்க்குத்தான்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில், மெகாசாகி என்னும் கற்பனை ஜப்பானிய நகரத்தில் நாய்களிடையே காய்ச்சல் பரவுகிறது. பரம்பரை பரம்பரையாகப் பூனைகளை விரும்பும் குலத்தில் வந்த மேயர் கொபயாஷி, நகரத்து நாய்கள் அனைத்தையும் குப்பைத் தீவுக்கு நாடு கடத்த ஆணையிடுகிறார். முதலில் அனுப்பப்படுவது அவருடைய வீட்டு நாயான ஸ்பாட்ஸ். மேயரின் பாதுகாப்பில் வளரும் 12 வயது அநாதைச் சிறுவன் அட்டாரிக்குக் காவலாக இருந்த நாய் அது. அந்தச் சிறுவன் சின்ன விமானம் ஒன்றைத் திருடி, தன் நாயைத் தேடித் தீவில் வந்து விழுகிறான். அங்கே ஐந்து நாய்கள் அவனைக் கண்டெடுக்கின்றன. மற்றதெல்லாம் தேடலும் சண்டையும் அரசியல் சூழ்ச்சியும்தான்.

அந்த ஐந்து நாய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ரெக்ஸ், கிங், பாஸ், டியூக், சீஃப் என்பவை அவற்றின் பெயர்கள். கவனித்தீர்களா? ஐந்துக்குமே ஏறக்குறைய ஒரே பொருள்தான்: அரசன், மன்னன், முதலாளி, பிரபு, தலைவன். ஐந்து தலைவர்கள் சேர்ந்த கூட்டத்தில் யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது, எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு. (நம் மாணவர் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்கள் இந்தக் காட்சிகளில் கூடுதலாகவே சிரிப்பார்கள்.) ரெக்ஸ் கணப்படுப்புக்கு அருகில் படுத்துறங்கிய வீட்டு நாய். கிங் நாய்த்தீனி விளம்பரங்களில் நடித்தவன். பாஸ் ஒரு பேஸ்பால் குழுவின் அடையாளச் சின்னமாக இருந்தவன். இன்னமும் குழுவின் சட்டையைக் கழற்றவில்லை. டியூக்குக்கு வதந்தி என்றால் உயிர். நால்வரும் குப்பைமேட்டில் உட்கார்ந்து, பழைய எஜமானர் போட்ட சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாமவனான சீஃப் மட்டும்தான் தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்தவன். கரிய நிறம், சிக்குப் பிடித்த உடம்பு, காயத் தழும்புகள். குரல் பிரயன் க்ரான்ஸ்டனுடையது. கரகரத்த, சலிப்பேறிய குரல்.

ஐந்தில் உயிருள்ள பாத்திரம் சீஃப்தான். மற்ற நால்வரும் கிட்டத்தட்ட ஒரே நாயின் நான்கு அச்சுகள் என்று குறை சொன்னால் நான் மறுக்கமாட்டேன். சீஃப் தன் கதையைச் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. அவனுக்கும் ஒரு காலத்தில் சில நாள் வீடு இருந்திருக்கிறது. பிள்ளைகள் நிறைந்த குடும்பம். ஒரு பிள்ளை கொஞ்ச நினைத்துக் கையை நீட்டியபோது கடித்துக் குதறிவிட்டான். ஏன் கடித்தான் என்பது அவனுக்கே தெரியாது. பயமாக இருக்கலாம், பழக்கமாக இருக்கலாம். படம் அதற்கு உளவியல் விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை. கடிப்பது அவன் இயல்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறது. தெருநாயைக் கதையில் கொண்டுவரும் பெரும்பாலோர் அதை ஒன்று பரிதாபத்துக்குரிய ஜீவனாக்குவார்கள், இல்லாவிட்டால் அசுரனாக்குவார்கள். காரணம் தெரியாமல் கடித்துவிட்டு அதை நினைத்து உள்ளூர வருந்தும் நாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு காட்சியும் உண்டு. அட்டாரி ஒரு குச்சியை எறிந்து எடுத்து வரச் சொல்கிறான். சீஃப் மறுக்கிறான். சிறுவன் மீண்டும் மீண்டும் கேட்கிறான். கடைசியில் சீஃப் போய் எடுத்து வருகிறான். ஆனால், நீ ஆணையிட்டதற்காக அன்று, உன்மேல் இரக்கப்பட்டு எடுத்து வந்தேன் என்று சொல்லித்தான் கொடுக்கிறான். சிறுவனுக்கு நாயின் பேச்சு புரியாது. நாய்க்குச் சிறுவனின் பேச்சு புரியாது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நாய்க்குத் தோன்றுகிறது. தெருவில் வளர்ந்த ஒருவனுடைய தன்மானத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக நாய்ப் பிஸ்கட் தின்று, இதுவே இனித் தனக்குப் பிடித்த உணவு என்று அவன் அறிவிப்பதும் இந்தப் பகுதியில்தான்.

இனி, இந்த நாய் எப்படிப் படைக்கப்பட்டது என்பதற்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை படத்தின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

இது கணினியில் வரைந்த படமன்று. 'ஸ்டாப் மோஷன்' என்பார்கள். பொம்மையை நிறுத்தி, ஒரு படம் எடுத்து, பொம்மையைக் கடுகளவு நகர்த்தி, மறுபடியும் ஒரு படம் எடுத்து, இப்படியே தொடுத்துக்கொண்டு போகும் முறை. கிழக்கு இலண்டனில் உள்ள 3 மில்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ஏறத்தாழ ஈராண்டு வேலை நடந்தது. பாதிக்குப் பாதி நாய்களும் மனிதர்களுமாக ஆயிரத்தை ஒட்டிய பொம்மைகள். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் பல அளவுகளில் பிரதிகள். பொம்மைக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆண்டி ஜென்ட். மனித முகங்களை ஒளி ஊடுருவும் பிசினில் வார்த்து, ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு முகமாக மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். நாய்களின் முகங்களுக்கு அப்படிச் செய்யவில்லை. உரோமத்துக்கு அடியில் மூட்டுகள் வைத்து, இமையையும் உதட்டையும் காதையும் கையாலேயே அசைத்தார்கள்.

உரோமத்துக்கு அல்பாக்கா போன்ற விலங்குகளின் கம்பளி நூலைப் பயன்படுத்தினார்கள். பொம்மையை நகர்த்தும் கலைஞரின் விரல் ஒவ்வொரு முறையும் அந்த உரோமத்தில் பட்டாக வேண்டும். பட்ட இடம் சற்றே கலையும். படங்களை வரிசையாக ஓடவிட்டால், காற்றே இல்லாத இடத்திலும் நாயின் மேனி சிலிர்த்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான படத்தயாரிப்பு நிலையங்கள் இதைக் குறையாகக் கருதும், மறைக்கப் பாடுபடும். 1933இல் வந்த 'கிங் காங்' படத்தில் குரங்கின் உரோமம் இப்படித்தான் சிலிர்க்கும். அந்த அழகில் மயங்கிய ஆண்டர்சன், 2009இல் தாம் எடுத்த 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' படத்திலேயே அதை வேண்டுமென்று வைத்துக்கொண்டார். இந்தப் படத்திலும் அப்படியே. அசைவும் பெரும்பாலும் விநாடிக்கு 24 நிலைகளாக இல்லாமல் 12 நிலைகளாகவே அமைக்கப்பட்டது. அதனால் சிறிது வெட்டி வெட்டி நகரும். கைவேலை என்பது கண்ணுக்குத் தெரியும். நாய்கள் கட்டிப் புரளும் சண்டையில் எழும் புழுதி வெறும் பஞ்சு. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தெரியும் காட்சிகள் மட்டும் கையால் வரைந்தவை. சூஷி தயாரிக்கும் ஒரு காட்சி உண்டு. திரையில் ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தக் காட்சியை வாரக்கணக்கில் உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள்.

விநாடிக்கு 12 என்றால் நிமிடத்துக்கு 720. சீஃப் திரையில் அசையும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு மனிதக் கை ஏறத்தாழ 720 முறை அந்தச் சிக்குப் பிடித்த உரோமத்தைத் தொட்டிருக்கிறது. தெருநாயைச் சோறு போட்டு வளர்ப்போர்கூட அதைத் தொடத் தயங்குவார்கள். நானும் பார்த்திருக்கிறேன், சோற்றைத் தாளில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார்கள். இந்தப் படத்தை உருவாக்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை. தொட்டுத்தான் ஆக வேண்டும். தொட்ட தடத்தை அழிக்கவும் இல்லை.

படத்தின் பாதிக்கு மேல் ஒரு குளியல் காட்சி வருகிறது. அட்டாரி தன்னிடமிருந்த சோப்பைக் கொண்டு சீஃபைக் குளிப்பாட்டுகிறான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைகிறது. அழுக்குக்கு அடியில் இருந்தது வெள்ளை நாய், அதிலும் புள்ளிகள் உள்ள வெள்ளை நாய். அட்டாரி தேடி வந்த ஸ்பாட்ஸை உரித்து வைத்தாற்போன்ற தோற்றம். பிறகு ஸ்பாட்ஸே வந்து உறுதி செய்கிறான்: இருவரும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள். ஸ்பாட்ஸ் சாதாரண நாயன்று. நீளமான இனப்பெயர் கொண்ட அரிய வகை. ஆகவே சீஃபும் அந்த வகையே. முடிவில் ஸ்பாட்ஸ் தன் காவல் பொறுப்பைச் சீஃபிடம் ஒப்படைக்கிறான். காதில் ஒலிவாங்கியோடு மேயர் மாளிகையில் சீஃப் பணியேற்கிறான்.

பார்ப்பதற்கு நெகிழ்ச்சியான காட்சிதான். திரையரங்கில் கைதட்டு வாங்கியிருக்கும். ஆனால், இங்கேதான் படம் தன் நாயைக் கைவிட்டது என்று நான் சொல்வேன். கடித்தவன், ஆணைக்கு அடிபணியாதவன், இரக்கத்தால் மட்டும் குச்சியை எடுத்து வந்தவன் என்று முக்கால் படம் கட்டியெழுப்பிய ஒருவனை ஏற்றுக்கொள்ள அந்தக் குணங்களே போதாதா? இரத்தச் சான்றிதழ் எதற்கு? அழுக்கைக் கழுவியதும் உள்ளேயிருந்து இன்னோர் அழுக்கில்லாத கறுப்பு நாய் வந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? இத்தனைக்கும் படத்திலேயே நட்மெக் என்னும் பெண் நாய் இருக்கிறது. கண்காட்சிகளில் வித்தை காட்டிய உயர்வகை நாய். பழக்கப்பட்ட நாய்கள்மேல் தனக்கு ஈர்ப்பில்லை என்று அது சீஃபிடமே சொல்கிறது. திரைக்கதைக்கே தெரிந்த ஒன்றைத் திரைக்கதையே மறந்துவிட்டது.

ஆண்டர்சனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. 1955இல் வந்த டிஸ்னியின் 'லேடி அண்ட் த டிராம்ப்' படத்தில் ஊர் சுற்றித் திரிந்த டிராம்ப், கழுத்துப் பட்டையும் உரிமச் சின்னமும் அணிந்த பிறகே வீட்டுக்குள் நல்ல பிள்ளையாக உட்காருகிறான். நம் பக்கம் வந்தால் இன்னும் பழைய கதைகள் இருக்கின்றன. மகாபாரதத்தின் இறுதியில் தருமருக்குப் பின்னால் ஒரு நாய் நடந்து வருகிறது. தம்பியரும் பாஞ்சாலியும் வழியில் விழுந்த பிறகும் அது தொடர்கிறது. நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறான் இந்திரன், தருமர் மறுக்கிறார். எவ்வளவு உயர்ந்த கட்டம்! உடனே நாய் மறைந்து தருமதேவதை நிற்கிறது. காசியில் ஆதிசங்கரருக்கு எதிரே நான்கு நாய்களோடு வந்த சண்டாளன் கேட்ட கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்பார்கள். அந்தக் கதையிலும் சண்டாளன் சிவனாகிவிடுகிறான். நாய்கள் நான்கு வேதங்களாகிவிடுகின்றன. நாய் நாயாகவே இருந்து, அந்த மனிதன் அந்த மனிதனாகவே இருந்து, கேள்வி மட்டும் சரியாக இருந்திருந்தால் நம்மால் தாங்கிக்கொள்ள முடியாதா?

இது ஏன் என்னை உறுத்துகிறது என்றால், வாசக நண்பர்களே, தெருநாய்க்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று நம்மிடமிருந்து போனது. 'பரியா டாக்'. பறை கொட்டியதால் பெயர் பெற்ற ஒரு சமூகத்தின் பெயரைக் காலனிக்கால ஆங்கிலேயர் எடுத்துத் தெருநாய்க்குச் சூட்டினார்கள். 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' இதைத் தனிச் சொல்லாகவே பதிவு செய்திருக்கிறது. அங்கிருந்து கப்பலேறி மலாய் மொழிக்கும் வந்து, 'அஞ்சிங் பாரியா' என்று இன்றும் நம் தெருக்களில் வசையாகக் கேட்கிறது. 2011இல் தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேனின் 'இன்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வந்தபோது, அதிலிருந்த இதே சொல்லை எதிர்த்து நம் சமூகம் திரண்டது. அவ்வாண்டு இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தச் சொல்லை ஆங்கிலேயனுக்குக் கடன் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. நம் வீடுகளில் கோபம் வந்தால் அதே சாதிப் பெயரையும் நாயையும் சேர்த்துத் திட்டுவோர் இல்லை என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

மறுபக்கமும் பாருங்கள். விலைகொடுத்து வாங்கும் நாயை நாம் என்னவென்று அழைக்கிறோம்? 'சாதி நாய்'. மாமா வீட்டில் சாதி நாய் வாங்கியிருக்கிறார்கள் என்று இயல்பாகச் சொல்கிறோம். இனம், வகை என்னும் சொற்களெல்லாம் இருந்தும் நாவில் முதலில் வருவது சாதிதான். மேலே சாதி நாய், கீழே சாதிப் பெயரால் திட்டப்படும் நாய். நாலுகால் பிராணிக்கும் ஏணி வைத்துக் கொடுத்த மொழி நம்முடையது. சீஃப் குளித்து வெளுத்து வந்தபோது ஆங்கில விமர்சகர்கள் எவரையும் அது பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை. தமிழ் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் ஒரு முள் குத்தாமல் போகாது.

ஆங்கில விமர்சகர்களின் கவனம் வேறொன்றில் இருந்தது. படத்தில் நாய்கள் ஆங்கிலம் பேசுகின்றன. மனிதர்கள் ஜப்பானிய மொழி பேசுகிறார்கள், பெரும்பாலும் துணை எழுத்தே இல்லாமல். குரைப்பெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருப்பதாகத் தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பும் வருகிறது. ஜப்பானியர்களைச் சொந்த நகரத்திலேயே அயலாராக்கிவிட்டது படம் என்று 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' இதழில் ஜஸ்டின் சாங் எழுதினார். அமெரிக்காவிலிருந்து வந்த மாணவி ட்ரேசி வாக்கர்தான் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குகிறாள் என்பதையும் பலர் சுட்டிக்காட்டினார்கள். இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனவர்களுக்கு அந்தத் துணை எழுத்தில்லாத அறை நன்றாகத் தெரியும். ஆசிரியர் பேசுவது பாதி புரியும். மீதியை முகத்தையும் கையையும் பார்த்து ஊகித்துக்கொள்வோம். அட்டாரி பேசும்போது ஆங்கிலப் பார்வையாளரும் அதையேதான் செய்ய வேண்டியிருக்கிறது. உலகமே தம் மொழியில் நடக்கும் என்று பழகியவர்களைக் கொஞ்ச நேரமாவது அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நல்ல காரியம். ஆனால், இயக்குநருக்குப் பாதியிலேயே பயம் வந்துவிடுகிறது. முக்கியமான இடங்களிலெல்லாம் மொழிபெயர்ப்பாளர் அம்மையார் ஒருவர் வந்துவிடுகிறார். அவர் இல்லாத இடத்தில் ட்ரேசி வந்துவிடுகிறாள். நாயைத் தெருநாயாக விட மனம் வராததைப் போலவே, பார்வையாளரைப் புரியாமையில் விடவும் மனம் வரவில்லை.

ஆண்டர்சன் இந்தப் படத்துக்கு அகிரா குரோசாவாவைத் தம் முன்னோடிகளில் ஒருவராகச் சொல்லியிருக்கிறார்; குரோசாவா படங்களின் இசையையும் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் குரோசாவா 1949இல் எடுத்த படத்தின் பெயரே 'தெருநாய்'. போலீஸ் கதை. ஆனாலும் பெயர்கள் ஓடும்போது திரை முழுக்க ஒரு நாயின் முகம், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். காப்பகத்தில் கொல்லப்படவிருந்த ஒரு நாயைக் கொண்டுவந்து, சைக்கிளோடு ஓடவிட்டு எடுத்த காட்சி அது. பிராணி நல அமைப்பைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர், நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டுவிட்டார்கள் என்று குற்றம் சாட்டியதாகக் குரோசாவா தம் தன்வரலாற்றில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த நாய்க்குப் பெயர் கிடையாது, வம்சம் கிடையாது. ஒரு நிமிடத்துக்குச் சற்று கூடுதலாக நம்மைப் பார்த்து மூச்சிரைக்கிறது, அவ்வளவே. 2019இல் திரைக்கு வந்த 'அண்டர்டாக்' என்னும் தென்கொரிய அசைவூட்டப் படமும் வேறு பாதையில் போகிறது. ஓ சங்-யூனும் லீ சுன்-பெக்கும் இயக்கியது. எஜமானரால் காட்டில் கொண்டுவந்து விடப்பட்ட மூங்சி என்ற நாய், மற்ற அநாதை நாய்களோடு சேர்ந்து மனிதர் இல்லாத இடம் தேடிப் புறப்படுகிறது. அவை போய்ச் சேர விரும்புவது இரு கொரியாக்களுக்கும் நடுவிலுள்ள, படைகள் நுழையக்கூடாத எல்லைப் பகுதி. கைவேலையில் ஆண்டர்சனின் படத்துக்கு அது ஈடாகாது. ஆனால், யாருடைய மாளிகையிலும் வேலை கேட்டு அது தன் நாய்களை நிறுத்தவில்லை.

நாட்டு நடப்புக்கு வருவோம். இங்கே தெருநாய்களுக்கு வீடு தேடும் தன்னார்வலர்கள் ஒட்டும் அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். 'ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு', 'லாப்ரடோர் கலப்பு' என்று ஏதாவது ஒரு பெயர் பெரும்பாலும் இருக்கும். காது கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் ஷெப்பர்ட். நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் லாப்ரடோர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நகராண்மைக் கழக லாரி வருவதற்குள் அந்த நாய்க்கு ஒரு வீடு கிடைக்க வேண்டும். வெறும் தெருநாய் என்றால் தொலைபேசி ஒலிக்காது. ஆண்டர்சனின் குளியல் காட்சியை அவர்கள் ஒவ்வொரு வாரமும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், உயிர் காக்கும் பொருட்டு. படத்துக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதுதான் என் வழக்கு. எழுதுபவன் நினைத்தால் கறுப்பு நாயைக் கறுப்பாகவே மாளிகைக்கு அனுப்பலாம். எந்த லாரியும் வந்து தடுக்கப்போவதில்லை.

அண்டை நாட்டில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். சிங்கப்பூரின் வீவக வீடுகளில் குறிப்பிட்ட சிறு வகை நாய்களை மட்டுமே வளர்க்கலாம் என்ற விதி நெடுங்காலமாக இருந்தது. தெருவில் பிறந்த கலப்பு நாய்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2012இல் 'புராஜெக்ட் அடோர்' என்னும் திட்டத்தின் வழி, நிபந்தனைகளோடு அவற்றுக்கும் கதவு திறந்தது. அங்குள்ள நாய்ப் பிரியர்கள் அவற்றை 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று அழைக்கிறார்கள். கேலியாகவும் ஒலிக்கிறது, பெருமையாகவும் ஒலிக்கிறது. அதில் லாப்ரடோரும் இல்லை, ஷெப்பர்டும் இல்லை; பிறந்த ஊர் மட்டும் இருக்கிறது. இந்தியாவிலும் 'இந்தியன் பரியா டாக்' என்ற பழைய பெயரைத் தவிர்த்து 'இண்டாக்' என்று எழுதுவோர் இருக்கிறார்கள். நம் பேச்சிலும் 'நாட்டு நாய்' என்ற சொல் இருக்கவே செய்கிறது. நாட்டுக் கோழிக்கு இருக்கும் மதிப்பு அந்தச் சொல்லுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இந்தப் படத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நம் மொழிக்கழகம் பருவந்தோறும் நடத்தும் திரையிடலில் இதையும் குரோசாவாவின் 'தெருநாய்' படத்தையும் அடுத்தடுத்த வாரங்களில் காட்டலாம் என்று செயலவைக்கு ஏற்கெனவே கேட்டு எழுதியிருக்கிறேன். ஆங்கிலத் துணை எழுத்தை நிறுத்திவிட்டுக் காட்டலாமா என்று ஒரு செயலவை உறுப்பினர் கேட்டார். ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து முயன்று பார்க்கலாம். குளியல் காட்சி வரும்போது மட்டும் பேச்சைக் குறைத்துச் சீஃபின் முதுகைக் கவனியுங்கள். சோப்பு நுரை வழிந்து நிறம் மாறிக்கொண்டிருக்கும்போதும் அந்த உரோமம் விரல் பட்ட இடங்களில் கலைந்து கலைந்து சிலிர்க்கிறது, முன்பு கறுப்பாக இருந்தபோது சிலிர்த்ததைப் போலவே.